காட்டுப் பென்குயின் காலனியைக் காப்பது எப்படி? கையேட்டுக்குத் திருத்தம் தேவை

#1 செம்பூர்_கடற்காகம்

எல்லோருக்கும் வணக்கம். தாராவி, அண்டாப்ஹில் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளை மும்பை பைகுல்லா உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப் போகும்போது கையில் கொடுக்க எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு தயாராகிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஹம்போல்ட் பென்குயின்கள் பற்றிய பகுதி முடிந்தது. 2016 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து 8 பறவைகள் வந்தது, கூடத்துக்குள் 16 முதல் 18 டிகிரி வரை வைத்திருப்பது, இவை பனியில் வாழும் இனம் அல்ல, பெரு, சிலி நாட்டுக் கரைகளில் பாலைவனத்தை ஒட்டி வாழ்பவை என்பதெல்லாம் அதில் வந்துவிட்டது.

இடிப்பது அடுத்த பகுதிதான். மனிதர் கட்டிய கூடத்தில் இல்லாமல் திறந்த கரையில் வாழும் காலனியை யார், எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? ஆப்பிரிக்கப் பென்குயினை உதாரணமாக எடுத்திருக்கிறேன். ஹம்போல்டுக்கு அது பங்காளி இனம். 10,000 ஜோடிகூடத் தேறாத நிலையில், 2024 அக்டோபரில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐ.யு.சி.என். அதை அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இப்போதைக்கு நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: "கூடு வைத்துக் கொடுப்பார்கள், மீன் போடுவார்கள், எண்ணெய் பட்டால் கழுவி விடுவார்கள்." தப்பு எங்கே என்று சொல்லுங்கள்.

#2 முலுண்ட்_கால்நடை

"மீன் போடுவார்கள்" என்ற வரியை முதலில் எடுத்துவிடுங்கள் சார். எந்தக் காட்டுக் காலனிக்கும் யாரும் கரையில் மீன் போடுவதில்லை. பென்குயின் உயிரோடு நீந்தும் மீனைத் துரத்திப் பிடிக்கும் பறவை. கரையில் கிடக்கும் மீனை அது மீனாகவே பார்க்காது. போட்ட மீன் கடற்காகத்தை இழுக்கும், வந்த கடற்காகம் முட்டையைத் தூக்கும். உதவி என்று நினைத்துச் செய்தது முட்டைக்கு உலையாகிவிடும்.

பறவையைத் தொடும் வேலை கடைசி வேலை. காலனிக் காவலில் பெரும்பகுதி அதைச் சுற்றியிருக்கும் மண், கடல், பாதை இவற்றில்தான் நடக்கிறது. பிள்ளைகளுக்கு அந்த வரிசையிலேயே சொல்லுங்கள்.

#3 மாட்டுங்கா_மண்பானை

கூடு பற்றி நான் எழுதுகிறேன். "கூடு வைத்துக் கொடுப்பார்கள்" என்றால் ஏன் கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்து வரும்.

இந்தப் பென்குயின்கள் காலங்காலமாகத் தங்கள் எச்சம் இறுகிப்போன படலத்தில் வளை தோண்டித்தான் முட்டையிட்டன. குவானோ என்பது அதுதான். 1840களில் நமீபியக் கரையோர இச்சபோ தீவில் தொடங்கி, உரத்துக்காக அதைப் பாறை தெரியும் வரை சுரண்டிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். வளை தோண்ட ஆழமில்லாமல் போனதால் பறவைகள் திறந்த மணலிலும் புதருக்கடியிலும் அடைகாக்க ஆரம்பித்தன. வெயில், மழை, கடற்காகம் மூன்றும் ஒருசேர முட்டைமேல் விழுந்தன.

ஆகவே செயற்கைக் கூடு என்பது பறித்ததைத் திருப்பிக் கொடுப்பது. ஆனால் ஏனோதானோ என்று ஒரு பெட்டியைக் கவிழ்த்தால் அது அடுப்பாகிவிடும். ஒற்றைச் சுவர் ஃபைபர்கிளாஸ் கூடுகளில் அதுதான் நடந்தது. மெல்லிய சுவர், காற்றுப் போக வழியில்லை, வெயில் ஏற ஏற உள்ளே சூடும் ஈரப்பதமும் தங்கிவிட்டன. சூடு பொறுக்காத தாயோ தகப்பனோ எழுந்து தண்ணீருக்குப் போனால் முட்டை வெந்துவிடும், இல்லையென்றால் கடற்காகத்தின் வாய்க்குப் போகும்.

பிறகு வந்த பீங்கான் கூடு வேறு வகை. செராமிக் குழம்பில் தோய்த்த ஜியோடெக்ஸ்டைல் என்ற கெட்டியான செயற்கை இழைத் துணியில் இரண்டு அடுக்கு, நடுவில் காற்று இடைவெளி, காற்றோட்டத்துக்குத் துளைகள், வெயிலைத் திருப்ப வெளியே வெள்ளைப் பூச்சு. நம் ஊர் மண்பானையும் இரட்டை ஓட்டுக் கூரையும் செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. தென்னாப்பிரிக்காவின் டையர் தீவிலும் பேர்ட் தீவிலும் இவற்றை வைத்திருக்கிறார்கள்.

வைக்கும் முறையிலும் சூட்சுமம் உண்டு. வாய் பிற்பகல் வெயிலைப் பார்க்கக்கூடாது. சரிவில் மழைநீர் ஓடிவரும் கோட்டில் வைத்தால் குளிர்கால மழைக்குக் குஞ்சு நனைந்து விறைத்துச் செத்துவிடும், ஆகவே தரை வாயை நோக்கி லேசாகச் சரிந்திருக்க வேண்டும். கூட்டுக்குள் மணல் வேண்டும், ஏனென்றால் வெறுந்தரையில் முட்டை உருளும். மிக நெருக்கமாக வைத்தால் அக்கம்பக்கத்து ஜோடிகள் கொத்திக்கொள்ளும், அந்தச் சண்டையில் முட்டை உடையும். வைப்பது பருவம் தொடங்குவதற்கு முன்பே. பறவை உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் கடப்பாரை போட்டால் முழு வரிசையும் கலைந்துவிடும். பருவம் முடிந்து கூடு காலியானதும் பழைய குப்பையை வாரி உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே கூட்டை வருடக்கணக்கில் அப்படியே விட்டால் உண்ணி குடியேறி, குஞ்சின் ரத்தத்தை உறிஞ்சிவிடும்.

எல்லா ஊருக்கும் ஒரே கூடு பொருந்தாது. கலாபகோஸ் தீவுகளில் பென்குயின் ஆய்வாளர் டீ போயர்ஸ்மாவின் குழுவினர் 2010இல் அங்கே கிடைக்கும் எரிமலைப் பாறையையே அடுக்கி 120 கூடுகள் அமைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் தீவில் சின்னப் பென்குயினுக்கு மரப்பெட்டி.

#4 சயான்_சிறகு

அக்கா, கூட்டுக்குள்ளே சூடு தாங்கலைன்னு வெளியே இருந்து பார்க்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கூட்டிலும் வெப்பமானி வைப்பாங்களா?

#5 மாட்டுங்கா_மண்பானை

சில கூடுகளில் பதிவுக் கருவி வைப்பார்கள் தம்பி, ஒன்று உள்ளே, ஒன்று வெளி நிழலில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் கூட்டின் வடிவம் சரியா என்று சொல்ல முடியும்.

பழகிய கண்ணுக்குப் பறவையே சொல்லிவிடும். ஆப்பிரிக்கப் பென்குயினின் கண்ணுக்கு மேலே இறகில்லாத ஒரு ரோஜா நிறத் தோல் திட்டு இருக்கிறது. சூடு ஏறினால் உடம்பு அங்கே ரத்தத்தை அதிகம் அனுப்பிக் காற்றில் ஆற்றுகிறது, திட்டு அடர்ந்து சிவக்கிறது. அடுத்து அலகு திறக்கும், தொண்டை படபடவென்று துடிக்கும், துடுப்பு இரண்டும் உடம்பைவிட்டு விலகி நிற்கும். அந்த நிலையில் இருக்கும் பறவையை நோக்கி ஒரு அடி வைத்தாலும் அது எழுந்துவிடும். அதனால்தான் உச்சி வெயிலில் கூட்டுக் கணக்கெடுப்பு கூடாது.

கூடு மட்டும் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவின் பூந்தா தோம்போவில் 2019 ஜனவரி 19 அன்று நிழலிலேயே 44 டிகிரி. அந்த ஒரே நாள் வெயிலுக்கு மகெல்லன் பென்குயின்களில் குறைந்தது 354 செத்தன. தண்ணீர் குடிக்கவும் உடம்பை ஆற்றவும் கடலுக்குப் போகும் பாதை தடையில்லாமல் இருக்க வேண்டும். வேலியும் நடைபாலமும் போடும்போது பறவை நடக்கும் தடத்தை அடைத்துவிடக்கூடாது.

#6 வெர்சோவா_மத்தி

மண்பானை அக்கா கூட்டைப் பற்றி எழுதியது எல்லாம் சரி. ஆனால் கையேட்டில் கூட்டுக்கு ஒரு பக்கம் என்றால் மீனுக்கு இரண்டு பக்கம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. வயிறு காய்ந்தால் அரண்மனை மாதிரி கூட்டிலும் குஞ்சு தேறாது.

இவை தின்பது மத்தியும் நெத்திலியும். நம் சாளை வேறு, அங்குள்ள மத்தி வேறு, ஆனால் குணம் ஒன்று: பெருங்கூட்டமாகத் திரியும், எண்ணெய்ச் சத்து அதிகம், சுருக்குமடி போட்டால் ஒரே வளைப்பில் கூட்டமே போய்விடும். குஞ்சு வைத்திருக்கும் தாய் தகப்பன் தூரம் போக முடியாது. ஒருவர் கூட்டில் இருக்க, மற்றவர் போய்த் திரும்பியாக வேண்டும். காலனியிலிருந்து சில பத்து கிலோமீட்டருக்குள் மீன் கிடைக்கவில்லை என்றால் திரும்புவது தாமதமாகும், குஞ்சு இளைக்கும். அந்தப் பகுதிக்குள்தான் சுருக்குமடிப் படகும் வருகிறது.

இதனால்தான் தென்னாப்பிரிக்காவில் 2008 முதல் சில தீவுகளைச் சுற்றி 20 கிலோமீட்டர் வட்டத்தில் மீன்பிடியை மாற்றி மாற்றி நிறுத்தியும் திறந்தும் பார்த்தார்கள். நிறுத்திய வருடங்களில் குஞ்சுகளின் உடல்நிலை தேறியது. பலன் எவ்வளவு, மீனவர் இழப்பு எவ்வளவு என்று பல வருடம் வாதம் நடந்தது. கடைசியில் 2025 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவு வந்தது. டாஸன், ராபன், ஸ்டோனி பாயின்ட், டையர், செயின்ட் குரோய், பேர்ட் தீவு என்ற ஆறு காலனிகளைச் சுற்றி மத்தி, நெத்திலிக்கான வணிக மீன்பிடிக்கு 10 வருடத் தடை.

எல்லையை எங்கே வரைவது என்பதுதான் இதில் உயிர்நாடி. காம்பஸ் வைத்து வட்டம் போட்டால் போதாது. பறவையின் முதுகில் கருவி ஒட்டி, அது எந்தப் பக்கம் போய் முங்குகிறது என்று பார்த்து வரைய வேண்டும். மீன் இல்லாத பக்கத்தை மூடிவிட்டு, பறவை போகும் பக்கத்தைத் திறந்து வைத்தால் காகிதத்தில்தான் பாதுகாப்பு இருக்கும்.

#7 சயான்_சிறகு

அப்போ குஞ்சு பட்டினியில் கிடந்தால் என்ன செய்யறது டாக்டர்? அதைக்கூடத் தொடக்கூடாதா? தொடுவது கடைசி வேலைன்னு நீங்க சொன்னதை என்னால முழுசா ஏத்துக்க முடியலை. கண்ணு முன்னாடி சாகிற குஞ்சை எடுத்து வளர்த்தா ஒரு உயிர் மிச்சம்தானே?

#8 முலுண்ட்_கால்நடை

நியாயமான கேள்விதான் தம்பி, நான் கொஞ்சம் இறுக்கமாக எழுதிவிட்டேன். எடுத்து வளர்ப்பதும் நடக்கிறது. பலனும் இருக்கிறது.

பென்குயின் வருடத்துக்கு ஒருமுறை இறகு முழுவதையும் ஒரே மூச்சில் உதிர்த்துப் புதிதாக முளைக்க வைக்கும். அந்த மூன்று வாரம் நீர் உடம்பில் இறங்கும், கடலுக்குப் போக முடியாது, சாப்பாடு கிடையாது. உடம்பு எடையில் ஏறக்குறைய பாதி கரையும். முன்கூட்டியே தின்று கொழுத்திருந்தால்தான் பிழைக்கும். மீன் கிடைக்காமல் குஞ்சு வளர்வது தாமதமாகி, பெற்றோருக்கு இறகு உதிரும் நேரம் வந்துவிட்டால், அவை குஞ்சை விட்டுவிடும். தங்கள் உயிரைக் காக்கும் கணக்கு அது. அப்படிக் கைவிடப்பட்ட குஞ்சுகளை எடுத்து வளர்த்துக் கடலில் விடும் திட்டத்தைத் தென்னாப்பிரிக்காவில் கடற்பறவைகளை மீட்கும் சான்காப் அமைப்பு 2006 முதல் மற்றவர்களோடு சேர்ந்து நடத்துகிறது.

ஆனால் யார் எடுப்பது என்பதுதான் விஷயம். கூட்டில் தனியாக இருக்கும் குஞ்சு எல்லாம் அநாதை இல்லை. கொஞ்சம் வளர்ந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து மீனுக்குப் போவார்கள். ஆகவே தினமும் அதே கூட்டைப் பார்த்து, எடையும் உடல்நிலையும் சரிகிறதா, அந்த ஜோடி இறகு உதிர்க்க ஆரம்பித்துவிட்டதா என்று குறித்து வைத்தவர்தான் முடிவு செய்ய முடியும்.

வளர்ப்பிலும் கண்ணி உண்டு. உறைந்த மீனில் தயாமின், அதாவது பி1, சிதைந்துபோகும். அதை மட்டுமே கொடுத்தால் குஞ்சுக்கு நடுக்கம், வலிப்பு வரும். அதனால் ஒரு கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் தயாமின் கணக்கில், மாத்திரையை முதல் மீனின் செவுளுக்குள் செருகிக் கொடுப்பார்கள். காற்றோட்டமில்லாத அறையில் வைக்கோல், மரத்தூள் பரப்பினால் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலில் பிடிக்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். கடினத் தரையில் நிற்க விட்டால் பாதத்தில் புண். கொசுவலை இல்லையென்றால் பறவை மலேரியா.

#9 பேலாப்பூர்_கப்பல்காரன்

அண்ணாச்சி, எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். எண்ணெய்க் கசிவு என்றாலே டேங்கர் உடைந்த படம்தான் எல்லோர் மனசிலும் வரும். 2000 ஜூன் 23 அன்று ராபன் தீவுக்கும் டாஸன் தீவுக்கும் நடுவே மூழ்கிய 'ட்ரெஷர்' டேங்கரே இல்லை. இரும்புத்தாது ஏற்றிய கப்பல், அதில் இருந்தது தன் எஞ்சினுக்கான எண்ணெய். ஏறக்குறைய 1,300 டன் வெளியேறி, சுமார் 19,000 பென்குயின்கள் நனைந்தன. நம் மும்பை வாசலிலேயே 2010 ஆகஸ்ட் 7 அன்று எம்.எஸ்.சி. சித்ராவும் கலீஜியா-3ம் மோதியபோது ஊற்றியதும் கப்பல் எரிபொருள்தான்.

அதைவிடச் சிறிய, அடிக்கடி நடக்கும் ஆபத்து பங்கரிங். ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு நடுக்கடலிலேயே எண்ணெய் நிரப்புவது. தென்னாப்பிரிக்காவின் அல்கோவா விரிகுடாவில் இது 2016இல் தொடங்கியது. ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய ஆப்பிரிக்கப் பென்குயின் காலனியாக இருந்த செயின்ட் குரோய் தீவு அந்த விரிகுடாவில்தான் இருக்கிறது. 2016, 2019, 2022 மூன்று வருடமும் அங்கே கசிவு நடந்தது. கசிவு இல்லாத நாளிலும் கப்பல் கூட்டத்தின் இரைச்சல் கடலுக்கடியில் இருக்கிறது.

எப்படிக் கசிகிறது? பெரும்பாலும் குழாய் உடைவதைவிட டேங்க் வழிவதுதான். ஒரு டேங்க் நிரம்பும் தறுவாயில் அடுத்த டேங்கின் வால்வைத் திறந்துவிட்டு இதை மூட வேண்டும். இதை நேரத்துக்கு மூடாமல் விட்டால் எண்ணெய் டேங்கின் காற்றுக்குழாயான ஏர் வென்ட் வழியாகக் கப்பலின் மேல்தளமான டெக்குக்கு வரும். வென்ட்டுக்கு அடியில் சிந்துவதைப் பிடிக்க இருக்கும் சேவ்-ஆல் தொட்டியின் வடிகால் அடைப்பு திறந்து கிடந்தால் அதிலிருந்தும் வழியும். டெக்கில் தண்ணீர் வடியும் ஸ்கப்பர் துளைகளுக்குக் கட்டை அடிக்காமல் விட்டிருந்தால் நேரே கடல்தான்.

ஆகவே செய்ய வேண்டியது: தொடங்கும் முன்பே ஸ்கப்பர் அத்தனையும் அடைத்து, மழைநீர் தேங்கினால் பார்த்து வடித்து மறுபடி அடைப்பது. ஆரம்பத்தில் மெதுவாக ஏற்றி, எண்ணெய் சரியான டேங்குக்குத்தான் போகிறதா என்று கையால் சவுண்டிங் எடுத்து, அதாவது நாடா இறக்கி அளந்து பார்ப்பது. கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. 90 சதவீதத்துக்கு மேல் நிரப்பப் போகாமல், கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்வது. குழாய் இணைக்கும் இடமான மேனிஃபோல்டில் ஒரு ஆள் வாக்கி-டாக்கியோடு நகராமல் நிற்பது. இரண்டு கப்பலுக்கும் "நிறுத்து" என்பதற்கு ஒரே சைகை முன்பே பேசி வைப்பது. அலை ஏறி இரண்டு கப்பலும் ஆட ஆரம்பித்தால் வேலையை நிறுத்தி ஹோஸைக் கழற்றுவது. காலனி பக்கத்தில் என்றால் மிதவைத் தடுப்பை நிரப்புவதற்கு முன்பே சுற்றி விரித்திருக்க வேண்டும். கசிந்த பிறகு விரிக்கப் போனால் எண்ணெய் முந்திவிடும்.

இன்னொன்று, கப்பல் போகும் தடத்தையே நகர்த்துவது. அர்ஜென்டினாவின் சுபுத் கரையில் 1997இல் டேங்கர் தடத்தைக் கரையிலிருந்து இன்னும் வெளியே தள்ளினார்கள். ஒரு ஆயிரம் பறவையைக் கழுவுவதைவிட வரைபடத்தில் அந்த ஒரு கோடு பெரிய வேலை.

#10 முலுண்ட்_கால்நடை

கப்பல்காரர் சொன்ன கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கழுவுவது பற்றிக் கையேட்டில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: எண்ணெய் பட்டதும் உடனே கழுவுவது. உடனே கழுவினால் பறவை கையிலேயே சாகும். பிடித்த அதிர்ச்சி, குளிர், நீரிழப்பு மூன்றும் சேர்ந்து அது ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. முதலில் காற்றுத் துளையிட்ட பெட்டியில், சூடான அமைதியான இடத்தில் வைத்து, வயிற்றுக்குக் குழாய் வழியாக உப்பு-நீர்க் கரைசலும், விழுங்கிய எண்ணெயைப் பிடித்துக்கொள்ள ஆக்டிவேட்டட் கரியும் கொடுப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் எடையும் ரத்தமும் தேறி, நிமிர்ந்து நின்றால்தான் தொட்டிக்கு.

கழுவ இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையுறையோடு தலையின் பின்புறம் பிடிப்பார், ஏனென்றால் அலகு சதையைக் கிழிக்கும். கெட்டியான எண்ணெய் என்றால் முதலில் தாவர எண்ணெய் கலந்த இளக்கியைத் தடவி ஊற விடுவார்கள். பிறகு பறவையின் உடல் சூட்டை ஒட்டி 40, 41 டிகிரியில் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு. தண்ணீர் கறுத்ததும் அடுத்த தொட்டி, அது கறுத்ததும் அதற்கடுத்தது. தலைக்கும் கண்ணோரத்துக்கும் பல்துலக்கும் பிரஷ்.

பலர் தவறுவது அலசுவதில். சோப்பு மிச்சமிருந்தாலும் இறகு தண்ணீரைத் தடுக்காது. எண்ணெய் இருப்பதும் சோப்பு இருப்பதும் பறவைக்கு ஒன்றுதான். அழுத்தமான வெந்நீர்ப் பீச்சலை இறகின் அடிப்பக்கமாகப் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் நனைந்து ஒட்டிக் கிடந்த இறகு கண்ணெதிரே எழுந்து நிற்கும், தண்ணீர் சேம்பிலையில் உருள்வது போல மணி மணியாக உருண்டு விழும். மார்பு, தொடை இடுக்கு, வாலடி எல்லா இடத்திலும் அப்படி உருண்டால்தான் அலசல் முடிந்தது. அப்புறம் பல நாள் குளத்தில் நீந்த விட்டு, வெளியே வரும்போது தோல்வரை காய்ந்திருக்கிறதா என்று விரலால் இறகைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

ட்ரெஷர் விபத்தில் இன்னொரு முடிவும் எடுத்தார்கள். எண்ணெய் படாத சுமார் 19,500 பறவைகளைத் தீவுகளிலிருந்து பிடித்து, 800 கிலோமீட்டர் தள்ளி போர்ட் எலிசபெத் அருகே கடலில் விட்டார்கள். அவை நீந்தி வீடு திரும்புவதற்குள் கடலைச் சுத்தம் செய்ய நேரம் கிடைத்தது.

#11 சயான்_சிறகு

பென்குயினுக்குக் கம்பளி ஸ்வெட்டர் பின்னி அனுப்பறாங்களே, அதைப் பிள்ளைகளுக்கு ஒரு வேலையா வைக்கலாமா?

#12 முலுண்ட்_கால்நடை

வேண்டாம் தம்பி. ஆஸ்திரேலியாவின் சின்னப் பென்குயினுக்கு, கழுவ அதன் வரிசை வரும்வரை எண்ணெயைக் கொத்தி விழுங்காமலிருக்க அதைப் போட்டார்கள். எல்லா இனத்துக்கும் எல்லா இடத்துக்கும் ஆகாது. துணி சுற்றினால் சூடு கூடும், பிடித்து மாட்டுவதே இன்னொரு அதிர்ச்சி.

#13 மாட்டுங்கா_மண்பானை

வேட்டை விலங்கு விட்டுப்போயிற்று. தீவில் இருந்தவரை பென்குயினுக்கு நிலத்துப் பகைவர் கிடையாது. 1980களில் சைமன்ஸ் டவுன் போல்டர்ஸ் கரை போல நிலப்பரப்பில் குடியேறியதும் சிறுத்தை, காரகால் என்ற காட்டுப்பூனை, வீட்டு நாய் எல்லாம் வந்தன. ஸ்டோனி பாயின்டில் 2016இல் ஒரே சிறுத்தை 33 பறவைகளைக் கொன்றது. வேலிதான் தீர்வு, ஆனால் அடியில் தோண்டிப் புகாமல் கம்பிவலை மண்ணுக்குள் இறங்கி வெளிப்பக்கம் மடங்கியிருக்க வேண்டும், கடலுக்குள் இறங்கும் இரண்டு முனையும் வற்றத்தில், அதாவது கடல்நீர் இறங்கும் நேரத்தில், திறந்துவிடக்கூடாது.

வற்றம் என்றதும் ஆஸ்திரேலியாவின் மிடில் தீவு. நீர் வற்றும்போது நரி நடந்தே போய், 2005இல் பென்குயின் பத்துக்கும் கீழே வந்துவிட்டது. 2006 முதல் மரெம்மா காவல் நாய்களைத் தீவில் விட்டதும் நரி ஒதுங்கியது. 2017இல் கடல் கொந்தளித்து நாய்களைக் கொண்டுபோக முடியாத நாட்களில் நரி மறுபடி புகுந்தது. ஒரே காவலை நம்பியிருந்தால் அது இல்லாத நாளே போதும்.

தென்னாப்பிரிக்காவின் டி ஹூப் இயற்கைக் காப்பகத்தில் வேலி போட்டு, பென்குயின் பொம்மைகளை நிறுத்தி, ஒலிபெருக்கியில் அவற்றின் குரலை விட்டு, வளர்த்த இளம் பறவைகளையும் அங்கே திறந்துவிட்டார்கள். 2022இல் அங்கே முட்டையிட்டன. காலியான கரைக்குப் பென்குயின் லேசில் வராது. ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் இறங்கத் துணியும்.

#14 வெர்சோவா_மத்தி

கணக்கெடுப்புக்கு ஒரு வரி. முன்பு துடுப்பில் உலோக வளையம் போடுவார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் இருக்கும் குரோசெட் தீவில் ராஜ பென்குயின்களை 10 வருடம் பார்த்ததில், வளையம் போட்டவற்றின் உயிர்பிழைப்பு 16 சதவீதம் குறைவு, குஞ்சும் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு என்று 2011இல் வெளியானது. நீந்தும்போது வளையம் தண்ணீரை இழுக்கிறது, அதே தூரத்துக்கு அதிக உழைப்பு. இப்போது தோலுக்கடியில் அரிசி அளவு சிப் வைத்து, நடைபாதையில் புதைத்த கருவியால் படிக்கிறார்கள்.

நோய்க்கு: 2018லும் 2022லும் பறவைக் காய்ச்சல் ஆப்பிரிக்கப் பென்குயின் காலனிகளுக்குள் வந்தது. ஒரு காலனியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் செருப்பிலிருக்கும் எச்சத்தையும் மண்ணையும் பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, அதன் பிறகே கிருமிநாசினி மருந்தில் முக்க வேண்டும். விர்கான் என்றால் லிட்டருக்கு 10 கிராம். சேறு கலந்தால் மருந்து செத்துவிடும், இளஞ்சிவப்பு நிறம் வெளிறினால் கொட்டிவிட்டுப் புதிது கரைக்க வேண்டும். செத்த பறவையைப் பார்த்தால் கையால் எடுக்கக் கூடாது, இடத்தைக் குறித்துச் சொல்ல வேண்டும்.

#15 செம்பூர்_கடற்காகம்

எல்லோருக்கும் நன்றி. எட்டுப் பக்கம் பன்னிரண்டாகிறது. மீனுக்கு இரண்டு பக்கம், கப்பலுக்கு ஒன்றரை. கழுவுவது அரைப் பக்கம், அதுவும் கடைசியில். நம் நாட்டோடு தொடர்புள்ள ஒன்று இருந்தால் முடிக்கலாம் என்று பார்க்கிறேன்.

#16 பேலாப்பூர்_கப்பல்காரன்

இருக்கிறது அண்ணாச்சி. அண்டார்டிகாவில் நம் பாரதி நிலையம் 2012 முதல் லார்ஸ்மன் குன்றுகளில் இருக்கிறது. அந்தக் கரையில் அடேலி பென்குயின்கள் உண்டு. இந்திய அண்டார்டிகா சட்டம் 2022இன்படி அனுமதி இல்லாமல் அங்குள்ள பறவையைப் பிடிப்பதும் கலைப்பதும் குற்றம். சுற்றுலாக் கப்பலில் போகிறவர்களுக்கும் குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. பென்குயின் தானாக நடந்து பக்கத்தில் வந்தால், அசையாமல் நின்று வழி விட வேண்டும். பைகுல்லாவில் கண்ணாடி முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, தரையில் 5 மீட்டர் அளந்து சாக்பீஸ் கோடு போட்டுக் காட்டுங்கள்.